குறை மிஷினில் இல்லை, பேடில்

பாகான் டாலாமில் முட்டிவலியும் இடுப்புவலியும் புதுச் செய்தி இல்லை. பட்டர்வொர்த் துறைமுகத்தை ஒட்டிய வட்டாரம் அது. ரயில் நிலையமும் பெரித்துறையும் அருகிலேயே; பிறைத் தொழிற்பேட்டை சற்றுத் தள்ளி. மூட்டை சுமந்தும், லாரி ஓட்டியும், ஷிப்டு முழுக்க நின்றபடி வேலை பார்த்தும் காலம் தள்ளியவர்களுக்கு வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தாலும் வலியிலிருந்து கிடைப்பதில்லை. இப்படிப்பட்ட வீடுகளில் தைலப் புட்டிக்கும் பிரஷர் பார்க்கும் கருவிக்கும் பக்கத்தில் இப்போது இன்னொரு பொருளும் இடம் பிடித்துவிட்டது. கைப்பேசி அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து நீளும் இரண்டு மெல்லிய வயர்கள், வயர் நுனியில் ஒட்டிக்கொள்ளும் பேடுகள். டென்ஸ் என்பது அதன் பெயர். ‘கரண்ட் வைக்கிற மிஷின்’ என்றால்தான் வீட்டில் எல்லாருக்கும் புரியும்.

வாங்கிய சில மாதங்களில் இந்த மிஷின்மேல் இரண்டு விதமான புகார்கள் வரும். “திரையில் எண்ணை ஏற்றிக்கொண்டே போனாலும் ஒன்றும் தெரியவில்லை” என்பது ஒன்று. “கொஞ்சமாக வைத்தாலே சுரீர் என்று குத்துகிறது” என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று நேரெதிரான புகார்கள். ஆனால் மிஷினைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே எந்தக் கோளாறும் இருக்காது. இரண்டுக்கும் காரணம் அந்த பேடுகளிலும், அவற்றின் அடியில் இருக்கும் தோலிலும், இடையில் எழும் மின்தடையிலும்தான் இருக்கிறது.

மீனில் தொடங்கிய வைத்தியம்

உடம்பில் மின்சாரம் வைத்து வலியைப் போக்கும் யோசனை மின்சாரத்துக்கே பெயர் வைக்கும் முன்பு பிறந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கும் கால் வாதத்துக்கும் உயிருள்ள திருக்கை இன மின்மீனைத் தொடச் செய்யும் சிகிச்சையை எழுதி வைத்தார். மரத்துப்போகும்வரை கால் மீன்மேலேயே இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன அளவு.

அது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு ஓரளவு நம்பத்தக்க விளக்கம் கிடைக்க 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். தொடுதலையும் அதிர்வையும் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகள் முதுகுத்தண்டில் சுறுசுறுப்பாக இயங்கினால், வலியைக் கொண்டுவரும் மெல்லிய இழைகளின் செய்தி மூளைக்குப் போகும் வழியிலேயே மட்டுப்படும் என்றார்கள். அடிபட்ட இடத்தை நாமே அறியாமல் தேய்த்துக்கொள்வதற்கும் காரணம் இதுதான். தடித்த இழைகளை மட்டும் தூண்டும் அளவுக்குச் சிறு மின்துடிப்புகளைத் தோல் வழியே செலுத்துவதுதான் டென்ஸ். ஒவ்வொரு துடிப்பும் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஓரிரு பங்கு நேரமே நீடிக்கும். அப்படி நொடிக்கு நூறு வரை வரும்.

பலன் உண்டா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. 1990இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்ட ஆய்வில், நாள்பட்ட இடுப்புவலி உள்ள 145 பேரிடம் சோதித்தபோது போலிக் கருவியைவிட டென்ஸ் மேலாக எதுவும் செய்யவில்லை. 2022இல் ‘பிஎம்ஜே ஓப்பன்’ இதழில் 381 சோதனைகளையும் 24,532 பேரையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வோ, மின்சாரம் பாயும்போதும் அது நின்ற உடனேயும் வலி குறைகிறது என்று சொன்னது. அதாவது இது நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை; வலியைச் சற்று நேரம் தணிக்கும் துணை. அந்தத் துணையும் கிடைக்க வேண்டுமானால் மின்சாரம் நரம்புவரை போய்ச் சேர வேண்டும். வழியில் நிற்பது தோல்.

ஈரமா, உலர்வா?

உடம்பின் உள்ளே ரத்தமும் தசையும் உப்பு நீரில் ஊறியவை. அங்கே மின்சாரத்துக்குத் தடை சில நூறு ஓம் மட்டுமே. தோலின் மேல்மட்டத்தில் இருக்கும் செத்த செல்களின் படலம்தான் வாசல் காவலன். முன்கையிலும் வயிற்றிலும் அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றோ ஐம்பதில் ஒன்றோதான். உள்ளங்காலில் அதைப்போலப் பல மடங்கு. அவ்வளவு மெல்லிய படலம் உலர்ந்திருந்தால் உடம்பின் மொத்தத் தடையை 1,00,000 ஓம் வரை கொண்டுபோய்விடும். அதே தோல் நனைந்திருந்தால் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே என்று வீட்டில் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இது.

மருத்துவத்தில் இந்தக் கணக்கை முதலில் வேலைக்கு வைத்தவர் பாரிஸ் நகரத்து டாக்டர் துஷேன் தெ பூலோன். உலர்ந்த உலோக முனையை உலர்ந்த தோலில் வைத்தால் பொறி பறக்கிறது, தோல் எரிகிறது, தசை அசைவதில்லை என்று அவர் கண்டார். முனையை ஈரமான பஞ்சால் பொதிந்து அழுத்தி வைத்தபோது மின்சாரம் தோலைத் தாண்டி அடியிலுள்ள தசையை மட்டும் இழுத்தது. உடம்பை அறுக்காமலேயே எந்தத் தசை எந்த வேலை செய்கிறது என்று அவர் முகத்திலும் கையிலும் வரைபடம் போட்டது இந்த ஈரப் பஞ்சை வைத்துத்தான். அவருடைய நூல் 1855இல் வெளிவந்தது. இன்றைய பேடுகள் எல்லாமே அந்த ஈரப் பஞ்சின் வாரிசுகள்.

தோலுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது வெறும் தடையாக மட்டும் இருப்பதில்லை, மின்தேக்கியாகவும் நடந்துகொள்கிறது. சீராக ஒரே திசையில் ஓடும் மின்னோட்டத்தை மறிக்கும். வேகமாக மாறும் மின்னோட்டத்தை விட்டுக்கொடுக்கும். தோலை ஒரு மைக்ரோஃபாரட் மின்தேக்கியாக எடுத்துக்கொண்டால் 50 ஹெர்ட்ஸில் அதன் எதிர்ப்பு சுமார் 3,200 ஓம்; 4,000 ஹெர்ட்ஸில் வெறும் 40 ஓம். பிசியோதெரபி நிலையங்களில் நான்கு பேடுகள் வைத்துக் கொடுக்கும் ‘இன்டர்ஃபெரன்ஷியல்’ சிகிச்சை 4,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஓடுவதும், டென்ஸின் துடிப்புகள் அவ்வளவு குறுகலாக இருப்பதும் இந்தக் காரணத்தால்தான்.

மின்சாரம் கடத்தும் ரப்பர்

பேடுகளில் இரண்டு குடும்பங்கள் உண்டு. பழையது ரப்பர் பேட். கறுப்பாக, வளைந்து கொடுப்பதாக, பட்டை போட்டுக் கட்டுவதாக இருக்கும். புதியது தானே ஒட்டிக்கொள்ளும் ஜெல் பேட்.

மின்சாரத்துக்கு ரப்பர் என்றால் மலேசியத் தமிழர்களுக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கும். பால்மரக் காட்டிலேயே மூன்று தலைமுறையைக் கழித்த சமூகத்துக்கு, ரப்பர் மின்சாரத்தைத் தடுக்கும் என்பது பள்ளிக்கூடம் போகாமலே தெரியும். கம்பத்தில் ஏறும் மின்வாரிய ஊழியரின் கையுறையும் ரப்பர்தான். இந்த நிலத்து மரப்பாலுக்கு மின்சாரத்தைக் காப்பிடும் பெருமை ரப்பர் தோட்டங்களுக்கும் முந்தியது. கெத்தா பெர்ச்சா என்ற மலாயாக் காட்டு மரத்தின் பாலைச் சிங்கப்பூரில் இருந்த டாக்டர் வில்லியம் மாண்ட்கோமரி 1840களில் லண்டனுக்கு அனுப்பிவைத்தார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையானது அந்தப் பால்தான். 1870இல் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைத்துக் கடலுக்கு அடியில் கம்பி போட்டபோது, செய்தி கசியாமல் காத்ததும் அதே வகை உறைதான்.

அப்படிப்பட்ட பொருளை மின்கடத்தியாக்குவது கரி. இயற்கை ரப்பரின் மின்தடுதிறன் ஒன்றுக்குப் பின்னால் பதினைந்து சைபர் போட்ட ஓம்-சென்டிமீட்டர். அதில் கரித்தூளை, அதாவது டயரைக் கறுப்பாக்கும் அதே ‘கார்பன் பிளாக்’கைக் கலந்தால் முதலில் ஒன்றும் நடப்பதில்லை. இன்னும் கலக்க, இன்னும் கலக்க, ஓர் எல்லையைத் தாண்டியதும் தடை மளமளவென்று விழுகிறது. தனித்தனியாகக் கிடந்த கரித்துகள்கள் ஒன்றையொன்று தொட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சங்கிலியாகிவிடுவதே காரணம். கடைசியில் கிடைப்பது நூறு ஓம்-சென்டிமீட்டருக்கும் கீழான ஒரு பொருள். உலோகத்தோடு ஒப்பிட்டால் இது மோசமான கடத்திதான். தோலோடு ஒப்பிட்டால் தாராளம். இன்று மருத்துவ பேடுகளுக்குப் பெரும்பாலும் எடுப்பது தோட்டத்துப் பால் இல்லை. ஒவ்வாமை தராத சிலிக்கோன் ரப்பர்.

ரப்பர் பேட் தானாகத் தோலோடு ஒன்றாது. இடையில் நனைத்த ஸ்பாஞ்சோ ஜெல்லோ வேண்டும். ஸ்பாஞ்சுக்குக் குழாய்த் தண்ணீர் போதும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் உதவாது, அதில் மின்சாரத்தைச் சுமக்கும் உப்புகள் இல்லை. பல நோயாளிகள் வந்துபோகும் பிசியோதெரபி பிரிவுகள் ரப்பரை இன்னும் கைவிடாததற்குக் காரணம் சுத்தம். ரப்பரைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து அடுத்தவருக்கு வைக்கலாம். ஒட்டும் பேடை அப்படிச் செய்ய முடியாது. அது ஒருவருக்கு மட்டுமே உரியது.

ரப்பருக்கும் மூப்பு வரும். மேற்பரப்பில் இருக்கும் கரி தேய்ந்து போகும். பழைய ஜெல் காய்ந்து கண்ணுக்குத் தெரியாத ஏடாகப் படியும். வயர் செருகும் துளையைச் சுற்றி நுண்ணிய வெடிப்புகள் விடும். பார்ப்பதற்கு நேற்று வாங்கியதுபோலவே கறுப்பாக இருக்கும். தடை மட்டும் பல மடங்கு ஏறியிருக்கும்.

ஒரு ஜெல் பேடின் குறுக்குவெட்டு

ஒட்டும் பேட் ஒன்றைக் கையில் எடுத்து ஓரத்தைப் பிரித்தால் அடுக்கடுக்காக வரும். மேலே துணியோ நுரைப் பட்டையோ. அதன் அடியில் கரி கலந்த மெல்லிய தாள். விலை கூடியவற்றில் அதன்மேல் வெள்ளிப் பூச்சு. வயரின் உலோக இழைகள் விசிறிபோல விரிந்து அந்தத் தாளில் படிந்திருக்கும். அதற்கும் கீழே ஒரு மில்லிமீட்டர் அளவு தடிப்பில், ஈரமாக, இழுத்தால் நீளும் ஜெல். தண்ணீரையும் உப்பையும் கிளிசரினையும் ஒரு பாலிமர் வலைக்குள் சிறைபிடித்து வைத்தால் அது இந்த ஜெல். கடைசியில் வழவழப்பான பிளாஸ்டிக் தாள்; பலர் முதல் நாளே குப்பைத்தொட்டியில் போடுவது இதைத்தான்.

இன்றைய ஜெல் தொழிற்சாலைப் பொருள். தொடக்கக் காலத்து ஒட்டும் பேடுகள் பலவற்றில் இருந்தது மரக்கோந்து. கராயா என்ற அந்தக் கோந்து இந்தியாவின் வறண்ட மலைக்காடுகளில் வளரும் ஸ்டெர்குலியா யூரன்ஸ் மரத்திலிருந்து வடிவது. ஈரம் பட்டால் உப்பிப் பசையாகி, தோலில் ஒட்டி, மின்சாரத்தையும் கடத்தும். ஆந்திர மலைவாழ் மக்கள் சேகரிக்கும் கராயாவை, 1956இல் தொடங்கிய கிரிஜன் கூட்டுறவு நிறுவனம் விசாகப்பட்டினத்திலிருந்து கொள்முதல் செய்து வருகிறது. குடல் அறுவை செய்துகொண்டவர்களின் பைகளை உடம்போடு ஒட்டுவதற்கும், பல்செட் நழுவாமல் இருப்பதற்கும்கூட இந்தக் கோந்து பயன்பட்டது.

ஜெல்லின் உயிர் அதிலுள்ள தண்ணீர். அது உலர உலர உப்பு அயனிகள் நகர வழியில்லாமல் போய் தடை ஏறுகிறது. ஒவ்வொரு முறை உரிக்கும்போதும் செத்த தோலும் முடியும் எண்ணெய்ப்பசையும் ஜெல்லில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பது பேடுக்குப் பேட் மாறும் என்றாலும், தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் சொல்வது இருபது முப்பது முறை. நம் வீடுகளில் அது நூறைத் தாண்டும். ஒட்டாமல் போனால் மேலே செலோடேப் போட்டு ஒட்டுவதும் நடக்கிறது. அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

இரண்டு புகார்களுக்கும் ஒரே கணக்கு

ஜார்ஜ் ஓம் என்ற ஜெர்மானியர் 1827இல் வெளியிட்ட விதி இங்கே அப்படியே உதவும். மின்னழுத்தம் என்பது மின்னோட்டத்தையும் தடையையும் பெருக்கிய விடை. ஒருவருக்கு 40 மில்லி ஆம்பியர் வேண்டும், பேடுகளும் தோலும் உடம்பும் சேர்ந்த தடை 1,000 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். மிஷின் 40 வோல்ட் கொடுத்தால் போதும். பேடுகள் இரண்டும் உலர்ந்து ஆளுக்கு ஆயிரம் ஓம் கூட்டிவிட்டால் மொத்தத் தடை 3,000 ஓம். தேவை 120 வோல்ட். சிறு பேட்டரியில் ஓடும் கருவியின் உச்சவரம்பு 80 வோல்ட் என்றால், எண்ணை எவ்வளவு ஏற்றினாலும் 27 மில்லி ஆம்பியருக்குமேல் போகாது. திரையில் காட்டும் எண் ஏறும். உடம்பில் ஓடும் கரண்ட் ஏறாது. முதல் புகாருக்கு விடை இது.

இரண்டாவது புகார்தான் கவலைக்குரியது. நல்ல டென்ஸ் கருவிகள் பலவும் மின்னோட்டத்தை மாறாமல் வைத்துக்கொள்ளும்படி அமைந்தவை. தடை கூடினால் அழுத்தத்தைத் தானே கூட்டி அதே ஓட்டத்தைத் தள்ளிவிடும். பேட் முழுவதும் ஒட்டியிருக்கும்வரை இது நல்ல குணம். பேடின் முக்கால்வாசி எழும்பி ஒரு மூலை மட்டும் தோலில் ஒட்டியிருந்தால், மொத்த ஓட்டமும் அந்த மூலை வழியாகவே புகும். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் பீச்சியடிக்கிற மாதிரிதான்.

எண்ணில் பார்ப்போம். ஐந்து சென்டிமீட்டர் சதுர பேடின் பரப்பு 25 சதுர சென்டிமீட்டர். உச்சத்தில் 50 மில்லி ஆம்பியர் உள்ள துடிப்புகள், ஒவ்வொன்றும் 200 மைக்ரோ வினாடி, நொடிக்கு நூறு. துடிப்பையும் இடைவெளியையும் சேர்த்துக் கணக்கிட்டால் இதன் பயனுறு மதிப்பு (ஆர்எம்எஸ்) சுமார் 7 மில்லி ஆம்பியர். பேட் முழுதாக ஒட்டியிருந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 0.3 மில்லி ஆம்பியருக்கும் குறைவு. பத்தில் ஒரு பங்கு மட்டும் ஒட்டியிருந்தால் 2.8. நரம்பு, தசைத் தூண்டிகளுக்கான சர்வதேசத் தரநிர்ணயமான ஐஇசி 60601-2-10, சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் பயன்படுத்துபவர் தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்று கையேட்டில் எச்சரிக்கச் சொல்கிறது. செலோடேப் போட்ட பழைய பேட் ஒன்று அந்தக் கோட்டை அலட்டிக்கொள்ளாமல் தாண்டிவிடும். தோலில் முதலில் குத்தல், பிறகு சிவப்பு, அலட்சியமாக விட்டால் கொப்புளம்.

அப்படியானால் தடையை இயன்றவரை குறைப்பதுதான் வழியா? முழுக்க அப்படியும் இல்லை. தகடுபோலத் தடையே இல்லாத ஒரு பரப்பைத் தோலில் வைத்தால் மின்சாரம் அதன் விளிம்புகளில் போய்க் குவியும். மாறாக, கடத்தும் தாளின் தடை அளவுக்குமேல் இருந்தால் வயர் வந்து சேரும் இடத்திலேயே மின்சாரம் இறங்கிவிடும். பேடின் மற்றப் பகுதி சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். நல்ல பேடில் மேல்தாள் சுலபமாகக் கடத்தி மின்சாரத்தை எல்லா மூலைக்கும் கொண்டுபோகும். கீழே உள்ள ஜெல் கொஞ்சம் தடுத்து, ஒரே இடத்தில் பாய விடாமல் பரப்பும். ஆகவே பேடைப் பொறுத்தவரை தடை எத்தனை ஓம் என்பதைவிட, அது பேட் முழுவதும் சீராக இருக்கிறதா என்பதே முக்கியம்.

மீட்டர் சொல்லும் உண்மையும் பொய்யும்

தடையை அளக்கும் கருவிக்குப் பினாங்கில் பஞ்சமில்லை. 1972இல் பாயான் லெப்பாஸ் தொழில்வட்டாரம் எழுந்தபோது வந்து இறங்கிய முதல் நிறுவனங்களில் ஹியூலட் பேக்கார்டும் ஒன்று. அதன் அளவைக் கருவிப் பிரிவு பின்னர் அஜிலென்ட் ஆகி, 2014இல் கீசைட் ஆனது. ஆனால் வீட்டு எலக்ட்ரீஷியன் பையில் இருக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும், ரப்பர் பேடைச் சோதிக்க. முதலில் மிஷினிலிருந்து வயரைக் கழற்றிவிட வேண்டும். மீட்டரின் ஒரு முனையை பேடின் செருகு துளையிலும், மறுமுனையைக் கறுப்புப் பரப்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நான்கைந்து இடத்திலும் அழுத்தி வைத்துப் பார்க்கலாம். நல்ல ரப்பரில் எண்கள் சில பத்து, சில நூறு ஓமுக்குள் ஒன்றுக்கொன்று நெருங்கி நிற்கும். ஓரிடத்தில் மட்டும் எண் ஆயிரக்கணக்கில் தாவினால் அந்தப் பகுதி செத்துவிட்டது என்று பொருள்.

ஜெல் பேடில் இதே வித்தையைச் செய்தால் மீட்டர் ஏமாற்றும். எண் ஓரிடத்தில் நில்லாமல் மெல்ல ஏறிக்கொண்டே போகும். மல்டிமீட்டர் அனுப்புவது ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம். ஜெல்லுக்குள் மின்சாரத்தைச் சுமப்பவை அயனிகள். அவை உலோக முனையருகே போய்க் குவிந்து அடுத்ததற்கு வழி மறிக்கின்றன. அதனால் ஜெல்லை அளக்க மாறுமின்னோட்டம் வேண்டும். ஈசிஜி எடுக்கும் பேடுகளுக்கான அமெரிக்கத் தரநிர்ணயம் இந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்று சொல்லியிருக்கிறது: இரண்டு பேடுகளின் ஜெல் முகங்களை ஒன்றோடொன்று ஒட்டி, 10 ஹெர்ட்ஸில் அளக்க வேண்டும், பன்னிரண்டு ஜோடிகளின் சராசரி 2,000 ஓமுக்குமேல் போகக் கூடாது. வீட்டில் இருப்பவர்களுக்கு இவ்வளவு வேண்டாம். விரலால் தொட்டால் ஜெல் ஈரப்பசையோடு இருக்கிறதா, நான்கு மூலையும் தோலில் படிகிறதா, மேலே நூலும் முடியும் அப்பியிருக்கிறதா என்று பார்த்தாலே முக்கால்வாசி தெரிந்துவிடும்.

தைலமும் ஏர்கோனும்

நம் வீட்டுப் பழக்கங்களில் சில இந்த பேடுகளுக்கு ஜென்மப் பகை. வலிக்கிற இடத்தில் கோடாலித் தைலமோ நல்லெண்ணெயோ தேய்த்துவிட்டு அதன்மேலேயே பேடை ஒட்டுவது முதல் பகை. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. ஜெல்லின் ஒட்டும் தன்மையையும் கெடுக்கும். சில இடங்களில் எண்ணெய் இருந்து சில இடங்களில் இல்லாமல் போனால், மேலே சொன்ன அதே சீரின்மை வந்துவிடும். குளித்துவிட்டுப் பூசும் பவுடருக்கும் இதே கதைதான். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வெறும் தோலில் ஒட்ட வேண்டும். தைலம் தேய்த்தே தீர வேண்டும் என்பவர்கள் மிஷினை வைத்து முடித்தபின் தேய்த்துக்கொள்ளட்டும்.

காலில் முடி அதிகம் இருந்தால் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டினால் போதும். ரேசர் போட்டு மழித்தால் தோலில் நுண்ணிய கீறல்கள் விழும். தடை மிகக் குறைந்த அந்தக் கீறல்களைத் தேடி மின்சாரம் பாயும், அங்கேதான் எரியும்.

பினாங்கின் புழுக்கம் ஒருவகையில் உதவி. வியர்த்த தோலின் தடை குறைவு. ஆனால் வியர்வை மிஞ்சினால் பேட் வழுக்கி எழும்பும். மறுபக்கம், இரவு முழுக்க ஏர்கோன் ஓடும் அறையில் திறந்து வைத்த ஜெல் காலைக்குள் காய்ந்துபோகும். உரித்ததும் அந்த பிளாஸ்டிக் தாளில் திரும்ப ஒட்டி, ஜிப் போட்ட பைக்குள் வைப்பதுதான் முறை. லேசாகக் காய்ந்திருந்தால் விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டுத் தடவிச் சற்று நேரம் விட்டால் ஜெல் ஓரளவு மீளும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் மீளவே மீளாது. உரிக்கும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் பேடின் ஓரத்தைப் பிடித்து உரிக்க வேண்டும். வயரை இழுத்தால் உள்ளே விசிறிபோல விரிந்த இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, மிஞ்சிய ஓரிரு இழை வழியே எல்லா மின்சாரமும் ஓடும்.

உணராத கால்

சுரீர் என்று குத்தினால் பேடைக் கழற்றிவிடுவோம். குத்துவதே தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? மலேசியாவில் இது சிறிய கேள்வி அல்ல. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி வளர்ந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே அது மிக அதிகம். நீண்ட நாள் நீரிழிவு பாதத்தின் உணர்ச்சியை மெல்ல மெல்லப் பறித்துவிடும். கால் எரிச்சல் தாங்காமல் டென்ஸ் வாங்குபவர்களில் பலர் இவர்களே. உணர்ச்சி குறைந்த காலில் தெரியவில்லை என்று எண்ணை ஏற்றிக்கொண்டே போக, கீழே பாதி எழும்பிய பேட் தோலைப் புண்ணாக்கிக்கொண்டிருக்கும். நீரிழிவுக்காரர் காலில் ஒரு சிறு புண் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்தச் சமூகத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் பேட் வைக்கும் முன் கூரான பொருளாலும் மழுங்கிய பொருளாலும் தொட்டு, எது எது என்று நோயாளியைச் சொல்லச் சொல்வது இதற்காகத்தான். சொல்ல முடியாத இடத்தில் பேட் ஒட்டுவதில்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டர் அனுமதி இல்லாமல் இந்த மிஷினைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகளின் வயிற்றிலும் இடுப்பிலும், யாருடைய கழுத்தின் முன்பக்கத்திலும், புண்ணுள்ள தோலிலும் ஒட்டக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பேடை மாட்டிக்கொண்டு தூங்குவதும் வண்டி ஓட்டுவதும் வேண்டாம்.

வாங்குபவர்களுக்குச் சட்டமும் துணை நிற்கிறது. மலேசியாவின் 2012ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டம், அதாவது சட்டம் 737, மருத்துவச் சாதனங்கள் சுகாதார அமைச்சின் கீழுள்ள மருத்துவச் சாதன ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும் என்கிறது. இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கும் கருவியை வாங்கும் முன், அதற்குப் பதிவு எண் உண்டா என்று விற்பவரைக் கேட்பது வாங்குபவரின் உரிமை.

பட்டர்வொர்த், செபராங் ஜெயா பக்கம் பிசியோதெரபிக்குப் போகிறவர்கள் அடுத்த முறை வீட்டு மிஷினையும் பழைய பேடுகளையும் கையோடு எடுத்துச் சென்று, எங்கே ஒட்டுவது, எத்தனை எண் வைப்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மிஷினை மாற்ற நினைப்பவர்கள் முதலில் பேடுகளை மாற்றிப் பாருங்கள். பேட் வாங்கிய தேதியைப் பையின்மேல் எழுதி வையுங்கள். ஒட்டாத பேடுக்கு டேப் போடாமல் தூக்கி எறியுங்கள். வீட்டில் நீரிழிவுக்காரர் இருந்தால், பேடை உரித்ததும் அந்த இடத்தின் தோலை வேறொருவர் கண்ணால் பார்த்துச் சிவப்பு இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.